ஏப்ரல் வரை

இன்றிரவு பத்துக்குள் ஏதாவது ஒரு கம்பெனியில்
கையெழுத்துப் போட வேண்டும்.
போட்டால் போட்டதுதான்,
ஏப்ரல் வரை மாற்ற முடியாது.

இஸ்திரிப் பலகையில் இறுக்கிய ஸ்டீயரிங்.
சாட்ஸ்வொர்த்தில் எட்டு மணிக்குக் கரண்ட் போகும்,
அதற்குள் ஓட்டிப் பார்க்கிறேன்.

ஜெர்மன் வண்டி வளைவில் ஒட்டிக்கொண்டு போகிறது,
பணக்கார வீட்டு நாய்போல் சொன்னதைக் கேட்கிறது.
ஆனால் உலகமே அதில்தான் ஏறியிருக்கிறது.
என் சுற்று நேரத்துக்கு
ஆயிரத்து நானூறாவது இடம்.

"டொயோட்டாவை எடு, சோறு போடுதே"
என்கிறான் தம்பி கிரிசீலன்.
போடுகிறது.
பகலெல்லாம் அந்த ஆலையில்
குழல்விளக்குக்குக் கீழே
பெயின்ட்டில் தூசி தேடும் கண் இது.
திரையிலும் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
முதல் வளைவில் பிரேக்கை மறந்து
மணலில் கிடந்தேன்.

மிச்சம் மாஸ்டா.
நேர்ச்சாலையில் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.
மழை விழுந்தால் அதே ஆட்கள்
ஒவ்வொருவராய் என்னிடம் வருகிறார்கள்,
பின்பக்கம் முன்னால்.

எட்டு.
பக்கத்து வீட்டு நைடூவின் ஜெனரேட்டர்
இருமி எழுகிறது.
கால் இன்னும் பெடலில்.
எத்தனை பந்தயத்தில் மழை வரும் என்று
யாரும் சொல்லவில்லை.

போனில் ஒன்பது சதவீதம்.
சின்ன எழுத்து நிபந்தனைகளைப் படிக்காமல்
இருட்டில் மாஸ்டாவை அழுத்தினேன்.

காலை ஆறு மணி ஷிப்டுக்கு
ஆலை வாசலில் பையைத் திறந்து காட்டுவேன்:
சாப்பாட்டு டப்பா, கையுறை, குடை.