முட்டுக்கட்டை

வெள்ளிக்கிழமை, நாலு நாற்பதுக்கு
மின்னஞ்சல் வந்தது.
கோட் மாட்டியாயிற்று, கணினி அணையும் நேரம்.
"உற்சாகமான பயணம்" என்று தொடங்கியது.
ஹம் நகர வாகனப் பதிவு அலுவலகத்தில்
பதினொரு வருடமாக நம்பர் தகடுகளில் முத்திரை ஒட்டுகிறேன்.
உற்சாகத்தை இங்கே
யாராவது முதல் கார் வாங்கிய அன்று பார்க்கலாம்,
அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

திங்கட்கிழமை இயக்குநர் லெங்கைட் வந்தார்.
திரையில் ஒரு படகு. அடுத்ததிலும் படகு.
எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோமாம்.
எத்தனை பேர் இறங்கவேண்டும் என்பது
அதற்கடுத்த படத்தில் இருந்திருக்கலாம்;
காப்பிக்கு முன்னமே கிளம்பிவிட்டார்.

டீட்மார் கேட்டது ஒரே ஒரு கேள்வி:
வண்டிக்காரர் இறந்துபோனால் என்ன செய்வது,
புதிய மென்பொருளில் அதற்குக் கட்டமே இல்லையே?
லெங்கைட் சிரித்தார்.
"ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு பிரெம்சர் உண்டு."

பிரேக் போடுகிறவன்.
நாங்கள் முட்டுக்கட்டை என்போம் என்று
மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன்,
அறுபத்தொரு வயது மனிதரின் காது சிவப்பதைப் பார்த்தபடி.

அதன்பின் மூன்று வாரம்
யாரும் எதையும் எதிர்க்கவில்லை.
நல்ல வேலையாட்கள் கோபம் வந்தால்
விதிப்படி நடப்பார்கள், எழுத்துக்கு எழுத்து.
வரிசை வாசலைத் தாண்டி சைக்கிள் நிறுத்தம்வரை போனது.
தலைவலி மேசைக்கு மேசை தொற்றியது.
சமையலறையில் யாரோ அந்தப் படகை அச்சிட்டு ஒட்டி
அடியில் ஓட்டை வரைந்திருந்தார்கள்.
நான்தான். இப்போது சொல்லலாம்.

பிறகு ஒரு செவ்வாய்,
பிரிவுத் தலைவி சூட்ஹோஃப்
தன் அறையைப் பூட்டிவிட்டுக் கீழே வந்தார்.
எனக்குப் பக்கத்தில், ஏழாம் கவுண்டரில்,
நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.
புதிய மென்பொருளைத் திறந்தார்.
நூற்றிப்பதினாலாம் எண்ணைக் கூப்பிட்டார்.

வந்தவர் ரப்பர் பூட்ஸோடு ஒரு விவசாயி.
குதிரை ஏற்றும் ட்ரெய்லர், அண்ணனுடையது;
அண்ணன் போய் ஆறு வாரம்.
எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரை ஒன்றையே சொன்னது:
"உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்."
விவசாயி எட்டிப் பார்த்துப் படித்தார்.
"தினமும் முயற்சி செய்கிறேன்" என்றார்.

சூட்ஹோஃப் சிரிக்கவில்லை.
கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:
"எனக்குத் தெரியவில்லை.
டீட்மார், நீங்கள் இதை எப்படிச் செய்வீர்கள்?"

பதினொரு வருடத்தில்
அந்தச் சொல் மாடியிலிருந்து இறங்கி வந்து
நான் கேட்டதில்லை.

அன்று மாலை, எதெது உடையும் என்று எழுதினோம்.
நாற்பத்திமூன்று.
மேலே எடுத்துப்போனார். ஒன்பது ஏற்கப்பட்டன.
மற்றவை ஏன் இல்லை என்று ஒவ்வொன்றாக வந்து சொன்னார்,
சிலவற்றுக்கு,
"எனக்கும் காரணம் சொல்லவில்லை" என்று.

அவரைத் தெய்வமாக்க வேண்டாம்.
இரண்டு இடங்கள் போயின.
கடிதத்தின் அடியில் அவர் கையெழுத்துத்தான்.
ஆனால் கடிதத்துக்கு முன்னே அவர் வந்தார்,
டீட்மாரோடு கதவைச் சாத்திக்கொண்டு
முக்கால் மணி நேரம் இருந்தார்.
பாதி நேரம் இருவரும் பேசவே இல்லையாம்.

ஆனியில், ஊருக்கு வெளியே உயென்ட்ரொப்பில், தேர்.
வடம் பிடித்தவர்களை எல்லோரும் படமெடுத்தார்கள்.
நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.
வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவன்
குனிந்தபடியே ஓடுகிறான், கையில் கட்டை,
சக்கரத்தின் வாய்க்கும் விரலுக்கும் ஒரு சாண்.
மூலையில் அவன் செருகினான்.
தேர் முனகி, நின்று, திரும்பியது.
இத்தனை காலமும் அந்தச் சொல்லை
வசவாக மட்டுமே வைத்திருந்தேன்.

மறுநாள் இதை டீட்மாருக்கு
ஜெர்மனில் சொல்ல முயன்றேன்.
செப்டம்பர்வரை அவர் இருக்கிறார்,
பேனாக்களை இன்னும் பெட்டியில் போடவில்லை.
சக்கரம், மூலை, குனிந்து ஓடுகிறவன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எவ்வளவு எடை இருக்கும்?"
"தேரா?"
"இல்லை," என்றார். "கட்டை."