ஒரு வரிக்கு இருபத்திரண்டு எழுத்து

பித்தளைத் தகட்டில் ஒரு வரிக்கு
இருபத்திரண்டு எழுத்துதான் பிடிக்கும்.
மேலே போனால் பெயர் நெரியும்.
நெரிந்த பெயர் தூரத்திலிருந்து பார்த்தால்
எறும்புச் சாரி.

பவுலிங் கோப்பை, தீயணைப்புப் படைப் பதக்கம்,
நாய்க் கழுத்து வில்லை
எல்லாவற்றுக்கும் என்னிடம் இருப்பது இந்த ஒரே ஊசி.
பிப்ரவரியில் கல்வி மாவட்டத்திலிருந்து பட்டியல் வரும்.
இந்த வருடம் ஆறு பள்ளிகள், ஒன்பது ஆசிரியர்கள்,
ஒன்பது பேருக்கும் ஒரே அடைமொழி:
தலைசிறந்த.
ஆறாவது தடவை செதுக்கும்போதே
அது சொல்லாக இல்லை,
வெறும் கோடு, வளைவு, கொஞ்சம் பித்தளைத் தூள்.

வேதியியல் டெல்பர்ட் ரீமுக்கு
என்றைக்கோ கருகிய இடது புருவம்
இன்னும் முளைக்கவில்லை.
அனஸ்டேசியா வாண்டன்ஹோவன்-பிளாட்சன்
தகட்டில் அடங்க மறுத்தார்.
தொலைபேசியில் கேட்டேன், எதை வெட்டட்டும் என்று.
"கணவரின் பாதியை" என்றார், யோசிக்காமல்.

விழா, உடற்பயிற்சிக் கூடத்தில்.
கூடைப்பந்து வளையத்தை மேலே சுருட்டி வைத்திருந்தார்கள்.
கோழிக்கறி, மசித்த உருளைக்கிழங்கு, காகிதத் தட்டு.
வெளியே வடக்கு டகோட்டா பூஜ்யத்துக்கு இருபத்தாறு கீழே;
என்ஜின் உறையாமலிருக்க ஒயர் மாட்டிய கார்கள்
முளையில் கட்டிய மாடுகளாய் வரிசையில் நின்றன.
நான் கடைசிச் சுவரோரம் நின்றேன்.
பெயர்களைக் கண்காணிப்பாளர் தப்பாக வாசிப்பார்,
நான் தப்பாகச் செதுக்கவில்லையே என்று
ஒவ்வொரு வருடமும் ஒரு அற்ப சந்தோஷம்.

ஒன்பதாவது பெயர், ஐலீன் ஹவ்க்டால்,
இரண்டாம் வகுப்பு, போன் க்ரீக் தொடக்கப்பள்ளி.
மூன்று முறை கூப்பிட்டார்கள்.
மூன்று முறையும் கைதட்டல் பாதியில் நின்று
ஒரு நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தார்,
பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
"காலணியோடு சோபாவில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.
கண் விழித்தபோது காலை."
வருத்தமாகத் தெரியவில்லை.
நன்றாகத் தூங்கியவர் முகம்.

பிறகு விலை கேட்டார்.
நாற்பத்தெட்டு டாலர், மாவட்டம் கொடுத்தது.
"திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?"
சுவரைக் காட்டினேன்:
பெயர் பொறித்தவை திரும்பப் பெறப்படா.
அதையும் நான்தான் செதுக்கினேன்.

பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
மீன் வாங்குகிறவர் போல.
"என்ன மரம்?"
வால்நட். முக்கால் அங்குலம்.
"கொக்கி தாங்குமா?"

இருபத்துமூன்று பிள்ளைகள்,
கணக்குப்படி நாற்பத்தாறு கையுறை,
நிஜத்தில் நாற்பத்தொன்று.
பனியில் விளையாடிவிட்டு வந்தால்
ரேடியேட்டர் மேல் குவியும்; ரோமம் பொசுங்கும் நாற்றத்தில்
கழித்தல் பாடம் நடக்கும்.

பன்னிரண்டு கொக்கிதான் பிடிக்கும் என்றேன்.
"ஷிஃப்ட் போட்டுக்கொள்வோம்."

பென்சிலால் இடம் குறித்தேன்.
ஏழாவது துளை சரியாக
தலைசிறந்த மேல் விழுந்தது.
கொஞ்சம் தள்ளலாமா என்று அளவுகோலை நகர்த்தினேன்;
தள்ளினால் இடைவெளி கோணும்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"போடுங்கள். மதிய இடைவேளை முடியப்போகிறது."

கூலி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. ஆறு டாலர்,
பாதிக்கு மேல் சில்லறை.

மார்ச்சில், எழுத்துக்கூட்டல் போட்டிக் கோப்பைகளோடு
போன் க்ரீக் போனேன்.
அந்த அறைக் கதவு திறந்திருந்தது, பிள்ளைகள் வெளியே.
பன்னிரண்டு கொக்கி, பதினேழு கையுறை,
கீழே பழைய துண்டு, அதில் சொட்டும் நீர்.
ஒரு சிவப்புக்கும் ஒரு பச்சைக்கும் நடுவே
என் எழுத்தில் நான்கு மட்டும் தெரிந்தன.
ஏழாவது துளையைச் சுற்றிக்
களிம்பு பிடிக்கத் தொடங்கியிருந்தது.

விரலால் தேய்த்துப் பார்த்தேன், தொழில் பழக்கம்.
பச்சைக் கையுறை
இன்னும் கதகதப்பாக இருந்தது.