நாற்பத்திரண்டு பார் ஐஸ்

நின்ற வண்டியில் ஸ்டியரிங் திரும்பாது,
தோள்பட்டைதான் திரும்பும்.
கிளட்ச்சை ஒரு மயிரிழை விட்டு
டயர் ஒரு சாண் உருண்டால்
அப்புறம் கேட்கலாம், கொடுக்கும்.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
எர்ணாவூர் ஐஸ் கம்பெனி கேட்டுத் தூண்
இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது.

வண்டி ஃபோர் நாட் செவன், வயது இருபத்தாறு.
ஸ்டியரிங்கைச் சுற்றி வலை நூல் சுற்றியிருக்கிறேன்,
வியர்த்தால் வழுக்காது.
கால் சுற்று திருப்பும் வரை
அதற்குக் காது கேட்பதில்லை.
பிறகுதான் முன்சக்கரம் எங்கிருந்தோ
"ம்?" என்கிறது.

எம்.சி. ரோட்டு டெய்லர் சம்பந்தம்
அளவு நாடாவை இரண்டு தரம் வைத்துப் பார்த்து
"வலது தோள் முக்கால் இஞ்சு கூட" என்று
நோட்டில் குறித்துக்கொண்டார்.
"லாரியா, மூட்டையா?"
வேறெதுவும் கேட்கவில்லை.

கொருக்குப்பேட்டை ஷெட்டில்
கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போதெல்லாம்
நூருல்லா ஆரம்பிப்பான்.
உடைத்த வண்டியில் கழற்றிய பவர் ஸ்டியரிங் ஒன்று இருக்கிறதாம்,
பம்பு, பாக்ஸ், ஓஸ், கூலி,
எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம்.
"ஒத்த விரல்ல திருப்பலாண்ணா,
இன்னொரு கைல டீ குடிக்கலாம்."
யோசிக்கிறேன் என்றேன்.
மூன்று வருஷமாக யோசிக்கிறேன்.

நேற்று
விடியற்காலை மூன்றரைக்கு லோடு.
நாற்பத்திரண்டு பார், மேலே உமி,
உமிக்கு மேல் கோணி, கோணிக்கு மேல் தார்ப்பாய்.
முதல் திருப்பத்தில்
நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவனை எழுப்பியதுபோல்
வண்டி முனகியது.
சரிதான், கனம் இருக்கிறது, போகலாம்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வரிசை.
ஹார்பர் கேட்டில் ஏதோ சர்வர் வேலை செய்யவில்லையாம்.
டிரெய்லருக்கு அடியில் பாய் போட்டு ஒருவன் தூங்குகிறான்,
சைடு கண்ணாடியில் ஒருவன் சவரம் செய்கிறான்,
அவர்கள் ஏற்றி வந்தது எதுவும் உருகாது.
ஐந்து. ஐந்தே முக்கால். ஆறரை.
தார்ப்பாய் ஓரத்தில் முதலில் சொட்டு
பிறகு நூல்
பிறகு ரோட்டில் ஒரு குட்டை.
ஒரு நாய் வந்து நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது.

ஏழேகாலுக்கு ஒரு சந்து கிடைத்தது.
நகர்த்தி, ஒடித்தேன்.
ஸ்டியரிங் எதிர்ப்பேச்சுப் பேசாமல்
கூடவே வந்தது.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காசிமேட்டு வளைவு
நான் சீட்டை விட்டு எழுந்து
பல்லைக் கடித்து இழுக்கிற இடம்.
நேற்று உட்கார்ந்தபடியே
உள்ளங்கையால் தள்ளினேன்.
முப்பத்தஞ்சு, முப்பத்துநாலு என்று
தோள் எண்ணிக்கொண்டே வந்தது.

பிலோமினா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.
மூன்று போட்டுக்கு ஐஸ் போடுகிறவள்,
கண்ணாலேயே எடை போடுவாள்.
"இன்னாபா, ஐஸ் கேட்டா
குளிச்சி மிச்சம் வெச்ச சோப்ப கொணாந்துகீற?"
முப்பத்துமூன்று பாருக்குத்தான் காசு.
"எண்ணிக்க" என்றாள்.
எண்ணவில்லை.
எண்ணித்தானே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

ஒத்தை விரலில் திருப்பினால்
பின்னால் எவ்வளவு மிச்சமென்று
அந்த விரலுக்கு யார் சொல்வது?

ராத்திரி நூருல்லா போன் செய்தான்.
மாதவரத்து ஆள் ஒருவன் அதே பவர் ஸ்டியரிங்குக்கு
முப்பது தருகிறானாம்.
"இன்னாண்ணா சொல்ற, கொடுத்துடவா?"
கொடுத்துடு என்றேன்.

போனை வைத்துவிட்டு
ஃபேன் போட வலது கையைத் தூக்கினேன்.
நெஞ்சு உயரம் வந்தது,
அதற்கு மேல் வரவில்லை.

இடது கையால் போட்டுவிட்டுப் படுத்தேன்.
மூன்று மணிக்கு அலாரம்.