கண் படாமல்

மேகம் ஏறினால் குவிமாடத்தை மூட வேண்டும்.
இரவு இரண்டு பத்துக்கு மூடினான் தோரிபியோ,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.
கேட்டிருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் என்றிருப்பேன்;
அது அவனுக்குத் தெரியும்.

பிறகு பிளாஸ்கைத் திறந்தான்.
செல்பேசியில் மகளைக் காட்டினான்:
பத்தொன்பது நாள் வயது, மூடிய முஷ்டி,
மணிக்கட்டில் சிவப்பு நூல்.
"கண் படக் கூடாதென்று மாமியார் கட்டியது.
பட வேண்டிய என் கண்தான்
இந்த மலையில் மாட்டிக்கொண்டது."
எடை மட்டும் தினமும் வருகிறது அவனுக்கு, கிராம் கணக்கில்.
நேற்று முப்பது கூடியது.
இன்று கக்கிவிட்டாளாம், பன்னிரண்டுதான்.

நான் பார்க்க வந்ததும் ஒரு கைக்குழந்தையைத்தான்.
வயது எண்பது லட்சம் ஆண்டு;
எங்கள் கணக்கில் இன்னும் தொப்புள் காயவில்லை.
சுற்றிலும் தூசியும் வாயுவும் தட்டாகச் சுழல,
உள்விளிம்பில் காந்தக் கோடுகளைத் தொற்றி
விழுகிறது வாயு, நொடிக்கு நானூறு கிலோமீட்டர்.
விழுந்த இடம் முப்பது லட்சம் டிகிரியில் கொதித்து
எக்ஸ் கதிராய்ச் சீறும்.
கொஞ்சம் துருவங்கள் வழியே கக்கவும் செய்யும்.
நேரம் காலம் கிடையாது.
உண்பவரை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லைதான்.
ஆனால் அந்த உணவு நானூறு ஆண்டுப் பழையது,
கண் பட்டாலும் இனி ஒன்றும் ஆகாது.

அந்தக் கதிரைக் காற்று கீழே விடாது.
அதனால் காற்றுக்கு வெளியே ஒரு கண்:
ஒரு வருடம் விண்ணப்பம் எழுதி வாங்கிய
பதினோரு மணி நேரம்.
மண்ணில் ஒரு கண், அது நான்:
ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு எப்போது தடிக்கிறது,
எப்போது மெலிகிறது,
அதே இரவில், அதே விண்மீனில்.
மேலே மணி ஓடியது. கீழே நாங்கள் தேநீர் குடித்தோம்.

மூன்று ஐந்துக்குத் திறந்தான்,
வெளியே போய்க் கைப்பிடிக் கம்பியில்
ஈரம் தடவிப் பார்த்த பிறகு.
கோடு தடித்திருந்தது, மூடும்போது இருந்ததைப் போல் இரு மடங்கு.
"இதில் சிவப்பு எங்கே?" என்றான் பின்னாலிருந்து.
திரையில் எல்லாமே சாம்பல்தான்.
எண்ணில் இருக்கிறது என்றேன்.
"சாம்பல் நூலுக்குக் கண் ஏமாறாது, டாக்டர்."

பதினோரு நாள் கழித்துப் பலெர்மோவிலிருந்து
நுன்ட்சியா அனுப்பினாள், மறு கண் கண்டதை.
எங்கள் நேரத்துக்கு மாற்றினால்
இரண்டு இருபதுக்கு ஏறத் தொடங்கி
இரண்டு ஐம்பதுக்கு உச்சி.
யாரோ வேண்டுமென்றே மேகத்துக்குள் பொத்தி வைத்தாற்போல.
"உன் ஐம்பத்தைந்து நிமிடத்தைப்
புள்ளிக் கோட்டால் இணைத்துவிடலாமா?
பார்க்க நன்றாக இருக்கும்."

நன்றாகத்தான் இருக்கும்.
எக்ஸ் கதிர் முதலில் ஏறியதா, இரண்டும் சேர்ந்தே ஏறினவா,
அடி விழுந்து எத்தனை நேரத்தில் சிவந்தது,
நாங்கள் கேட்கப்போன கேள்வியே
அந்த இடைவெளிக்குள் உட்கார்ந்திருக்கிறது.
அதன்மேல் கோடு இழுக்கக் கை வரவில்லை.
வெற்றாக விட்டேன்.
கீழே சிறு எழுத்தில்: மேகம்.

அன்று தோரிபியோ விகுன்யாவில், வீட்டில்.
படத்தோடு செய்தி வந்தது:
காய்கறித் தராசில் மகள், மூன்று கிலோ எழுநூற்றுப் பத்து.
"நூல் அறுந்துவிட்டது. புதிதாய்க் கட்டச் சொல்கிறார்கள்.
கட்டட்டுமா?"

என்னைக் கேட்கிறான்.
கட்டு என்று எழுதினேன்.
அனுப்பிய பிறகு இன்னொன்றும் எழுதினேன்:
கொஞ்சம் தளர்வாகக் கட்டு,
வளர்கிற கை.