கொண்டை ஊசி வளைவில் கடல்

பைப்பு கூடுதலாய் விற்றதற்குக்
கம்பெனி தந்த பரிசு:
சென்னையில் ஏறி ஐந்து இரவு,
கப்பலில், இரண்டு பேருக்கு.

சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துத் திரிகிறார் தெய்வநாயகம் அண்ணன்.
மாதேஸ்வரி அக்காவுக்குத்தான் பயம்.
"வயித்தைப் புரட்டுமாமே?"
புரட்டுதா பார்த்துவிடலாம் என்று
அடிவாரத்தில் ஏற்காட்டு பஸ் பிடித்தோம்.
ஏழு வருஷம் கப்பலில் அறை துடைத்தவள் நான்.
ஜன்னலோரம் அக்காவுக்கு,
பேச்சு என் பொறுப்பு.

மூன்றாம் வளைவு.
தூரத்தில் அசையாத எதையாவது பாருங்கக்கா.
அங்கே அடிவானம், இங்கே அந்தப் பாறை.
செல்போனைக் குனிந்து பார்த்தால் போச்சு.
வெறும் வயிறும் ஆகாது,
முட்டத் தின்றதும் ஆகாது.

துறைமுகத்திலேயே பெட்டியை வாங்கிக்கொள்வார்கள்,
அறைக்கு வர சாயங்காலம் ஆகும்.
அண்ணனின் சர்க்கரை மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.
இஸ்திரிப் பெட்டி எடுத்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.
கற்பூரம் வேண்டவே வேண்டாம்,
மனசுக்குள் காட்டிக்கொள்ளுங்கள்.
"தட்டுவடை?" என்றார் அண்ணன்.
கடைப் பாக்கெட் என்றால் சரி,
வேறு நாட்டுக் கரையில் மட்டும் இறக்காதீர்கள்.

முதல் நாளே சங்கு ஊதும்,
குட்டையாய் ஏழு, நீளமாய் ஒன்று.
ஒத்திகைதானே என்று படுத்துக்கிடந்தால்
உங்கள் ஒருவருக்காக
நூறு பேர் வேர்த்து நிற்பார்கள்,
ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு.

ஒன்பதாவதில் எதிரே லாரி.
ஒதுங்கி நின்று வழிவிட்டான்.
மலையில் ஏறுகிறவருக்கு முதல் வழி,
கப்பல் லிஃப்டில் இறங்குகிறவருக்கு.

கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போங்கள்.
ஒரு ஆளின் பேதி
ஒரு தளத்தையே படுக்கப்போட்டதைப் பார்த்தவள் சொல்கிறேன்.
பனீர் தீர்ந்துபோகாதுண்ணா.
எத்தனை தரம் எடுத்தீர்கள் என்று யாரும் எண்ணமாட்டார்கள்,
தட்டில் விட்டதைத்தான் எண்ணுவோம்.

ஜன்னல் வழியே துண்டு எறிந்து இடம் பிடிப்பது
இந்த பஸ்ஸோடு முடியட்டும்.
நீச்சல்குளத்து நாற்காலியில்
ஆளில்லாத துண்டை எடுத்து மடிப்பதும்
ஆள் வந்தபின் திட்டு வாங்குவதும் நாங்கள்தான்.
பால்கனியிலிருந்து எதையும் எறியாதீர்கள்.
எறிந்தது கடலுக்குப் போகாது,
காற்று அதைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும்.

பதிமூன்று.
அக்கா வெளுத்தாள்.
பையை நான்தான் விரித்தேன்,
அண்ணன் வேறு பக்கம் பார்த்தார்.
இது தப்புண்ணா, என்றேன்.
பிடிக்கவேண்டியது உங்கள் கை.
அப்புறம் பிடித்தார்.

கம்பளத்தில் ஆகிவிட்டால் கூப்பிட்டுச் சொல்லுங்கக்கா,
மேலே துண்டைப் போட்டு மூடாதீர்கள்.
அப்படி மூடிய துண்டுகளை
நான் நிறையத் தூக்கியிருக்கிறேன்.

இரண்டு வளைவு யாரும் பேசவில்லை.
சில்வர் ஓக் மரங்கள் வந்தன, குளிர் வந்தது.
"உன்னாட்டம் ஒரு புள்ள இருப்பாளா அங்க?"

இருப்பாள்.
நேபாளமோ மணிப்பூரோ.
சட்டையில் பேர் குத்தியிருக்கும், படித்துக் கூப்பிடுங்கள்,
விரல் சொடுக்க வேண்டாம்.
சாயந்தரம் கட்டில்மேல்
துண்டில் செய்த யானை உட்கார்ந்திருக்கும்.
அழகாயிருக்கு என்று சொல்லுங்கள்,
நிறுத்திவைத்து ஊர் உறவு விசாரிக்காதீர்கள்.
பதினெட்டு அறையில்
இன்னும் பதினொரு யானை பாக்கி அவளுக்கு.

லேடீஸ் சீட்டில் இறங்கியபோது இருட்டியிருந்தது.
கம்பியோரம் அத்தனை கூட்டம்.
கீழே சேலம்,
யாரோ தரையில் கொட்டிவிட்டு
பொறுக்காமல் போன வெள்ளிச் சலங்கை மணிகள்.
"இதுல அம்மாப்பேட்டை எதுடி?" என்றாள் அக்கா.
எனக்கும் தெரியவில்லை.
பின்னால் ஒரு குழந்தை எம்பியது.
அக்கா நகர்ந்தாள்,
முழுதாய் இல்லை, ஒரு சாண்.

அண்ணனைக் காணோம்.
தேடினால்
டீக்கடைக்கும் பள்ளத்துக்கும் நடுவே நிற்கிறார்,
வாய் கட்டிய அந்தப் பையைக்
கையில் தொங்கவிட்டபடி,
"குப்பைத்தொட்டி எங்கீங்க?" என்று
ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு.