தீர்மானம் ஏழு

மாசி பதினொன்று, ஞாயிறு.
ஆனெகுழித் தொட்டி கிராம சபை.
வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர்.
ஒரு நாய், கணக்கில் சேராது.
எழுதுவது நான், கெம்பி.
எழுத்து கோணினால் பேனாவைத் திட்டுங்கள்.

பொருள்: தேன் வடிக்கும் கொட்டகையை
எங்கே கட்டுவது.

பணம் இருக்கிறது.
இரண்டு வருடம் உண்ணிச்செடி வெட்டிய பணம்.
முள் கிழித்த கை
சிலருக்கு இன்னும் ஆறவில்லை.
வேரோடு பிடுங்கினோம்.
கட்டுக் கட்டாய்ச் சத்திக்கு ஏற்றினோம்.
நாற்காலியாகிக் கோயமுத்தூர் போனதாம்.
செடி போன இடத்தில்
ஈச்சஞ்சீமாறு வந்தது, புல் வந்தது,
புல்லுக்குப் பின்னால் கடமான் வந்தது.
"கடமானுக்கு ரசீது போடலியா" என்றான் பசவணன்.
சபை சிரித்தது. (இதை அடித்துவிட வேண்டும்.)

முதலில் பேசியது ஜடையன்.
ரோட்டோரம், புளிய மரத்துக்குக் கீழே
மட்டமான இடம் இருக்கிறது என்றான்.
லாரி வாசலில் நிற்கும்.
போன ஆடியில் சேற்றில் ஜீப் வழுக்கி
பதினோரு டின் தேன் பாதி வழியில் புளித்ததே,
யாருக்காவது ஞாபகம் இருக்கா?
எல்லாருக்கும் இருந்தது.

மாதி வரைபடத்தை விரித்தாள்.
நான்கு நாள் நடந்து
நாங்களே புள்ளி வைத்த வரைபடம்.
ஓடைக்கு நீலம், தேன்பாறைக்குச் சிவப்பு,
யானை இறங்கும் தடத்துக்கு
கலர் தீர்ந்துபோய்ப் பென்சில்.
வனத்துறையின் பழைய தாளில்
அந்த ரோட்டோரம் காலியிடம்.
எங்கள் தாளில் இருபத்தொன்பது புள்ளி.
ஒரு புள்ளிக்கு ஒரு கல்.
ஒரு கல்லுக்கு ஓர் ஆள்.

இதே இடத்தைத்தான்
தை மாதம் கம்பெனிக்காரர் ஒருவர் கேட்டு வந்தார்.
யானை பார்க்கக் கண்ணாடி அறைகள்.
சபையைக் கேட்காமல்
சபையின் பேரிலேயே படம் வரைந்து வந்திருந்தார்.
அதற்கு ஓட்டு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இது ஜடையன்.
எழுந்து நின்றான்.
"எனக்குத் தெரியாதா?
மூணாவது கல்லு எங்கப்பன்.
பாறையில தொங்கித் தேனெடுத்த ஆளு.
பக்கத்துல தேன் வடிச்சா
அவருக்கென்ன கசக்குமா?"

வெகு நேரம் யாரும் பேசவில்லை.
நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.
தீர்மான நோட்டில் மௌனத்துக்குக் கட்டம் இல்லை.
நான் தேதியை இன்னொரு தரம் எழுதினேன்.

கணக்குப் பார்க்கும் சிக்கம்மா சொன்னது:
மேட்டில், கடுக்காய் மரத்துப் பக்கம் கட்டலாம்.
தண்ணீருக்கு நூற்று நாற்பது மீட்டர் பைப்.
இருபத்து மூன்றாயிரம் கூடுதல்.
லாரி ஏறாது, தலைச்சுமை.
சுமை கூலி தேன் விலையில் விழும்.
"கஷ்டம்தான்.
கஷ்டத்தையும் சேர்த்தே எழுது."

கை தூக்கியவர்கள்:
மேட்டுக்கு நாற்பத்தொன்று.
ரோட்டோரத்துக்குப் பதினேழு.
ஐந்து கைகள் மடியிலேயே இருந்தன,
அதில் ஒன்று என்னுடையது.
எழுதுகிறவளுக்கு இரண்டு கையும் வேலை
என்று சொல்லிக்கொண்டேன்.

தீர்மானம் ஏழு நிறைவேறியது.

மறுநாள் விடியலில் ஜடையன் வந்தான்.
"நோட்டுல என் பேரு இருக்கா?"
எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது என்றேன்.
"பேர எழுது. எதிர்த்தேன்னு எழுது.
நாளைக்கு மழையில டின்னு உருண்டா
நான் சொன்னது தாள்ல இருக்கணும்."
எழுதினேன்.
வாசித்துக் காட்டச் சொன்னான், காட்டினேன்.
'ஜடையன்' என்பதில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது,
போட்டேன்.

போகாமல் நின்றான்.
"அளக்குற நாடா உங்கிட்டயா இருக்கு?"

வெயில் ஏறித் திரும்பினான்,
முழங்காலெல்லாம் செம்மண்.
நாடாவைச் சுற்றி என் மடியில் போட்டுவிட்டு
தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

ஓரத்தில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்:
நூற்று நாற்பது தப்பு.
பாறையைச் சுற்றிப் போனால்
நூற்று ஐம்பத்திரண்டு.
அளந்தது ஜடையன்.
திருத்தியது கெம்பி.