கொ-17

கொடுங்கையூரில் எடுத்ததால் கொ.
பதினேழாவது தட்டு என்பதால் பதினேழு.
இதற்கு மேல் செல்லப்பெயர் வைக்க
எங்கள் கைடு சம்மதிக்கவில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தில்
கசடை மொண்டு பாட்டிலில் ஊற்றித் தந்தவர் ஏசுபாதம்.
கான்ட்ராக்ட் ஆள். கையுறை ஒரு கையில்தான் இருந்தது.
"எதுக்கும்மா இது?"
கிருமிகள் இதைத் தின்று நொதி தரும் என்றேன்,
சோப்புத்தூளுக்கு, தோல் ஷாப்புக்கு.
"சம்பளம்?"
சாப்பாடு மட்டும்தான் என்றேன்.
"எனக்கு மூணு மாசமா அதுவும் இல்ல" என்று
மூடியை இறுக்கித் திருகினார்.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தேன்.
மூலக்கடை தாண்டுவதற்குள்
என்னைச் சுற்றி நான்கு சீட் காலி.
அத்தனை பேரின் நேற்றைய இட்லியும்
அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கலாம்.
ஒருவரும் உரிமை கோரவில்லை.

பால் கலந்த வெள்ளைத் தட்டுகளில்
கோடு இழுத்து
முப்பத்தேழு டிகிரியில் தூங்கவைத்தேன்.
பதினாறு தட்டுகள் வெள்ளையாகவே விடிந்தன.
பதினேழில்
ஒரு புள்ளியைச் சுற்றி
பால் காணாமல் போயிருந்தது.
கண்ணாடி போல ஒரு வட்டம்.
அதன் வழியே மேசையில்
எனக்கு முன் யாரோ காம்பஸால் கீறிய பெயரில்
பாதி தெரிந்தது.

பிறகு அதற்குக் கசடே சோறு.
டிசம்பர் மழையில் கரண்ட் போய்
குலுக்கும் இயந்திரம் நின்றது.
குடுவையைக் கையில் எடுத்து விடியும்வரை குலுக்கினேன்.
தூளி ஆட்டியதுபோல் என்று எழுத ஆசைதான்.
உண்மையில், மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே குலுக்கினேன்.

பல்லாவரத்திலிருந்து உள்ளங்கை அகலத்தில்
ஓர் ஆட்டுத்தோல் வந்தது.
சுண்ணாம்பு இல்லை, சல்பைடு இல்லை,
கொ-17 விட்ட நீர் மட்டும்.
காலையில் கட்டைவிரலால் தள்ளினேன்.
மயிர் மொத்தமாக
வழுக்கிக்கொண்டு வந்தது.
விரல் எரியவில்லை.

சொல்லப் போனேன்.
கான்ட்ராக்ட் மாறிவிட்டதாம்,
ஆட்களும்.
புதியவர் ஏசுபாதம் என்ற பெயரையே கேட்டதில்லை.

ஆய்வேட்டின் நன்றியுரையில் அவரை எழுதினேன்.
பதவி என்ன என்று கேட்டார் கைடு.
கொ-17க்குத் தீனி தந்தவர் என்றேன்.
சிவப்பு மையில் அடித்துவிட்டு
"கள உதவி" என்று திருத்தினார்.

மைனஸ் எண்பதில், கிளிசராலில்,
கொ-17 பத்திரமாக இருக்கிறது.
என் லாக்கரில் ஒரு ஜோடி கையுறை,
பிரிக்காத கவரில்.
ஒன்று போதும்தான்.
அவரிடம் இல்லாதது
இடதா வலதா என்று
அன்று நான் பார்க்கவில்லை.